எக்ஸ்ரே சரி, நோ மட்டும் போகவில்லை

மானிப்பாயிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: “அம்மாவுக்கு 67 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. வலது முழங்கால் மூட்டு மாற்றி எட்டு மாதம். எக்ஸ்ரே நல்லாயிருக்கிறது என்கிறார்கள். ஆனால் நோ குறையவில்லை. தழும்பில் சேலை பட்டாலே எரிகிறது என்கிறா. அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்கவா? திரும்ப ஒப்பரேஷன் செய்யவேண்டி வருமா?”

முதலில் அந்த அன்ரிபயோட்டிக்கை வாங்காதீர்கள், தங்கச்சி. மூட்டுக்குள் கிருமி இருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஊசியால் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். குளிசை போட்ட பிறகு எடுத்தால் கிருமி ஒளிந்துவிடும். சோதனை ஒன்றுமில்லை என்று சொல்லும், உள்ளே புண் தொடரும்.

மாற்றிய மூட்டு முழுதாகப் பழக ஒரு வருடம்கூட ஆகலாம். ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேல் குறையாத நோவை “வயசுதானே” என்று விட்டுவிடக் கூடாது. பத்துப் பேரில் ஓரிருவருக்கு இப்படி நோ நீடிக்கிறது. அம்மா பொறுமையில்லாமல் முனகுகிறா என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம்.

நோ எப்போது வருகிறது என்று ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள். ஓய்விலும் இரவிலும் குத்துகிறதா, மூட்டு சூடாக, வீங்கி இருக்கிறதா? அப்படியென்றால் முதல் சந்தேகம் கிருமிதான். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு இரத்தச் சோதனைகளும் தேவை. சீனி கூடியிருந்தால் கிருமிக்கு வசதி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பி முதல் சில அடி வைக்கும்போது மட்டும் குத்தினால் மூட்டு தளர்ந்திருக்கலாம். படி ஏறும்போது முன்பக்கம் நொந்தால் முழங்கால் சில்லைப் பார்க்க வேண்டும். தொடைப் பக்கமோ முதுகிலிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தால் இடுப்பு மூட்டையும் முதுகையும் சோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பு நோவை முழங்கால் நோ என்று நினைத்து அலைபவர்கள் உண்டு.

நீங்கள் சொன்ன சேலை எரிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முழங்காலின் முன்பக்கத் தோலுக்குப் போகும் ஒரு மெல்லிய நரம்பு சத்திரசிகிச்சையில் வெட்டுப்படுவது வழமை. அதனால்தான் தழும்பின் வெளிப்பக்கம் பலருக்கு மரத்துப் போகிறது. சிலருக்கு அதே நரம்பு எரிகிறது. எக்ஸ்ரேயில் இது தெரியாது. தழும்பை விரல் நுனியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் அம்மா துள்ளினால் அந்த இடத்தைப் பேனையால் குறித்து வைத்தியருக்குக் காட்டுங்கள். அங்கே விறைப்பு ஊசி போட்டதும் எரிவு அடங்கினால் நரம்புதான் காரணம்.

நரம்பு எரிவுக்குப் பனடோல் போதாது. அமிற்றிப்ரிலின், கபாபென்ரின் போன்றவை உதவலாம். வைத்தியர் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார். தலைச்சுற்று வரும், இரவில் பாத்ரூம் போகும்போது அம்மாவை விழவிடாமல் பாருங்கள். டைக்குளோபினாக்கை நீங்களாக வாங்கித் தொடர வேண்டாம். சீனி உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது கூடாது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பஞ்சால், பிறகு பழைய பருத்தித் துணியால், பிறகு துவாயால் அந்த இடத்தை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மெதுவாகத் தடவுங்கள். தொடுகை பழகப் பழக எரிவு குறையும்.

இனி இரண்டாவது ஒப்பரேஷன். கிருமி, தளர்வு, மூட்டு ஆட்டம் என்று திட்டமான காரணம் இருந்தால் அது பலன் தரும். காரணம் தெரியாமல், நோவுக்காக மட்டும் திறப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பெரும்பாலும் நோ அப்படியே இருக்கும், இன்னொரு தழும்பும் வந்து சேரும்.

காய்ச்சல், தழும்பிலிருந்து சீழ், கெண்டைக்காலில் திடீர் வீக்கம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றபடி, சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடமே பழைய எக்ஸ்ரேக்கள், கிளினிக் கொப்பி எல்லாவற்றோடும் போவது நல்லது.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவை நிமிர்ந்து படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே உங்கள் கையை விட்டுப் பாருங்கள். காலை நீட்டச் சொல்லும்போது உங்கள் கை அமுங்க வேண்டும். அமுங்கவில்லையென்றால் மூட்டு முழுதாக நீளவில்லை. சுகமாயிருக்கிறது என்று அம்மா முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கிறாவா? அதை எடுத்துவிட்டுக் குதிக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வையுங்கள். பத்து நிமிடம் போதும்.