லேத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள்

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில், உதிரிபாகங்களை வடிவாக்கும் அச்சும் டையும் செய்யும் ஒரு டூல் ரூமில் 28 ஆண்டாக வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பயிற்சியாளர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பும் கடந்த 11 ஆண்டாக என் தலையில்தான். பத்தாவதும் பியூசியும் (கர்நாடகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளைகளைத் தொழில் கைவரும்படி எங்கே படிக்க வைப்பது என்று பெங்களூர்த் தமிழர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (அல்சூரிலிருந்து ஒரு தாய்): மகன் பியூசியில் 78 சதவீதம். மெக்கானிக்கல் படிக்க ஆசைப்படுகிறான். இரண்டு தனியார் கல்லூரிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டின் விளம்பரத்திலும் 'செயல்முறைக் கல்வி' என்றே போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது, அண்ணா?

பதில்: விளம்பரத்தை மடித்து வையுங்கள், அம்மா. நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். வார நாளில், பிற்பகலில் போங்கள்; பெற்றோரை அழைத்து உபசரிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வேண்டாம். உள்ளே விட்டால், இரும்பைக் கடையும் மிஷினான லேத்துக்கு அடியில் இருக்கும் தட்டைக் குனிந்து பாருங்கள். இரும்புச் சுருள்கள் கிடக்கின்றனவா? கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட் வாடை அடிக்கிறதா? பெயின்ட் மின்ன, துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி நிற்கிறது என்றால் அது ஆயுத பூஜைக்கு மட்டும் திறக்கும் லேத்.

அடுத்து ஸ்டோர் ரூம். மாணவர்கள் கடைந்து பழகுவதற்கு இந்த ஆண்டு எவ்வளவு இரும்புக் கம்பி வாங்கினார்கள் என்று பதிவேட்டில் இருக்கும். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். மாவே கொடுக்காமல் தோசை வார்க்கச் சொல்லித்தரும் இடம் அது. வெளியே வந்து, டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "போன வாரம் நீ தனியாக மிஷினில் நின்றது எத்தனை மணி நேரம்?"

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. போன ஆண்டு நேர்காணலுக்கு ஒரு பையன் வந்தான். பிஇ, நல்ல மதிப்பெண். ஒரு ஷாஃப்ட் தண்டையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்தேன். 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும் கருவி. அதன் நுனியில் இருக்கும் ராட்செட்டைத் திருகினால், பொருளைத் தொட்டதும் 'டிக் டிக்' என்று வழுக்கி நின்றுவிடும். யார் அளந்தாலும் அழுத்தம் ஒன்றாக இருக்கும். அவன் ராட்செட்டைத் தொடவே இல்லை. நடு உருளையைப் பிடித்து, ஒழுகும் குழாயை மூடுவது போல இறுக்கினான். சூத்திரங்களையெல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னான். அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நான்கு ஆண்டும் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக் காட்டியவர்கள் மீதுதான் வந்தது.

இன்டர்ன்ஷிப் பற்றியும் தேதி வாரியாகக் கேளுங்கள். பிட்ஸ் பிலானியில் 1973 முதல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்று ஒன்றை நடத்துகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் ஏறக்குறைய இரண்டு மாதம், பிறகு ஐந்தரை மாதம் நிறுவனத்திலேயே வேலை. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அந்த அளவுக்கு எல்லாக் கல்லூரியாலும் முடியாதுதான். ஆனால் பணம் கட்டினால் சான்றிதழ் என்று நடக்கும் கூத்துக்கும் அதற்கும் நடுவே உங்கள் கல்லூரி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம், பத்தாவது முடித்த மாணவர்): எனக்கு டூல் அண்டு டை டிப்ளமோ படிக்க ஆசை. டிப்ளமோவுக்குப் போனால் பிஇ கதவு மூடிவிடும், பியூசியே படி என்கிறார் அப்பா.

பதில்: மூடாது, தம்பி. டிப்ளமோ முடித்து டிசிஇடி என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் பிஇ இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். ராஜாஜி நகரில் ஜிடிடிசி இருக்கிறது. 1972ல் டென்மார்க் உதவியோடு வந்த அரசுப் பயிற்சி மையம். மூன்று ஆண்டுப் படிப்பு, மேற்கொண்டு ஓர் ஆண்டு தொழிற்சாலைப் பயிற்சி. பீன்யாவில் என்டிடிஎஃப் என்ற பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1959ல் தலச்சேரிக்குப் பக்கத்து நெட்டூரில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் துணையோடு தொடங்கியது. முதலில் கையில் அரத்தைக் கொடுத்து இரும்பைத் தேய்க்க விடுவார்கள். தோள் வலிக்கும், கை கொப்பளிக்கும். அதற்குச் சம்மதம் என்றால் போ. அப்பாவிடம் இதைக் காட்டு. அவர் பயம் நியாயமானது, வெறும் பிடிவாதம் என்று நினைக்காதே.

கேள்வி (பொம்மனஹள்ளி): தர்மபுரியிலிருந்து வந்து மூன்று ஆண்டு ஆகிறது. மகள் இங்கேதான் பியூசி முடித்தாள். சிஇடி (கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு) மூலம் அரசு இடம் கிடைக்குமா, சார்?

பதில்: கர்நாடக மாணவர் என்ற கணக்கில் வர, பொதுவாக ஒன்றாம் வகுப்பு முதல் பியூசி வரைக்குள் ஏழு ஆண்டாவது இங்கே படித்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு மூன்றுதான். தனியார் கல்லூரிகள் நடத்தும் காமெட்கே தேர்வுக்கு அந்தத் தடை இல்லை, கட்டணம் மட்டும் கடிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: தமிழ்நாடுதான் பூர்வீகம் என்று காட்டும் இருப்பிடச் சான்றிதழ் (நேட்டிவிட்டி) எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். கோவை பிஎஸ்ஜியில் 'சாண்ட்விச்' என்று ஐந்தாண்டு பிஇ உண்டு. படிப்புக்கு நடுநடுவே தொழிற்சாலையில் வேலை. ஓராண்டு கூடுதல் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஓராண்டுதான் படிப்பு.

கேள்வி: கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பிடம் 'ஏ பிளஸ் பிளஸ்' வாங்கிய கல்லூரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமா?

பதில்: அது கல்லூரி முழுவதற்கும் கொடுக்கும் தரம். நீங்கள் சேரும் துறைக்கு, படிப்பு வாரியாகக் கொடுக்கும் என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். கண்ணை மூட வேண்டாம்.

கேள்வி (மர்ஃபி டவுன்): மகளுக்கு பிஎஸ்சி நர்சிங். பெங்களூரில் தடுக்கி விழுந்தால் நர்சிங் கல்லூரி. எப்படிப் பிரிப்பது?

பதில்: இது என் மனைவியின் துறை, 30 ஆண்டு நர்ஸ். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, நூறு படுக்கையாவது உண்டா என்று கேளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் எதிர்பார்ப்பதும் அதுதான். பிறகு சாயங்காலம் அந்த வார்டு வழியாக நடந்து பாருங்கள். படுக்கையில் நோயாளி இருக்க வேண்டும், மடிப்புக் கலையாத விரிப்பு இருக்கக் கூடாது.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): ஜெர்மனியில் 'ஃபாக்‌ஹோக்‌ஷூலே' என்னும் தொழில்சார் கல்லூரிகள் நல்லவை என்கிறார்கள். பியூசி முடித்ததும் அனுப்பலாமா?

பதில்: நல்லவைதான். அங்கே பேராசிரியர் ஆக, கல்லூரிக்கு வெளியேயும் சில ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். நம் பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் நீட்டினால் பெரும்பாலும் நேரடி இடம் கிடைக்காது. இங்கே கல்லூரியில் படித்த ஆண்டுகளையோ ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சியையோ கேட்பார்கள். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும். இங்கே ஓராண்டு படிக்கட்டும், கூடவே இந்திரா நகர் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் பழகட்டும்.

கேள்வி (தனியார் கல்லூரி விரிவுரையாளர்): எங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டீர்கள். 60 பேருக்கு நான்கு லேத். மாணவர்களே சட்டையில் எண்ணெய் படக் கூடாது என்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: பாதிக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஐயா. மிஷின் வாங்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை. வகுப்பு முடிந்த பிறகு மாலை ஆறு வரை ஒர்க்‌ஷாப் சாவியைக் கேட்டுப் பாருங்கள். 60 பேரில் ஐந்து பேர் நிற்பார்கள். நான் தேடுவது அந்த ஐந்து பேரைத்தான்.

மீண்டும் அல்சூர் தாய்: இரண்டு இடமும் போய் வந்தோம், அண்ணா. முதல் கல்லூரியில் மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது, சாவி வைத்திருப்பவர் விடுமுறையாம். இரண்டாவதில் கட்டடம் பழசு, கழிப்பறை மோசம். ஆனால் பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்ததில் என் புடவை முந்தானையில் கூலண்ட் எண்ணெய் பட்டுவிட்டது.

பதில்: விருப்பப் பட்டியலில் இரண்டாவதை மேலே போடுங்கள். ஸ்டோர் பதிவேட்டைப் பார்த்ததாக எழுதவில்லையே, அதற்கு இன்னொரு முறை போக வேண்டும். கறையின் மேல் சாக்பீஸ் பொடியைத் தூவி, அரை மணி நேரம் கழித்துத் துவையுங்கள்.