அரைக் கட்டை கீழே

அன்புள்ள அண்ணனுக்கு,

சேலம் குகையில் இருந்து எழுதுகிறேன். பகலில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ராத்திரி ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிடார். ஃபோனில் பாட்டைக் கேட்டுக் கேட்டு எடுத்தே மூன்று வருடமாக வண்டி ஓடுகிறது. கீபோர்டு அண்ணன் தியரி படிக்கச் சொல்கிறார். டிரம்ஸ் வாசிப்பவரோ, "பீட்டில்ஸ் குழுவுல பேஸ் வாசிச்ச பால் மெக்கார்ட்னிக்கே நொட்டேஷன், அதான் எழுதி வச்ச ஸ்வரம், படிக்கத் தெரியாதாம், உனக்கு எதுக்கு? படிச்சா காது போயிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள தம்பி,

கீபோர்டு அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு இதில் பழைய அவமானம் ஒன்று இருக்கிறது.

ஆடி மாதம், அம்மாப்பேட்டைப் பக்கம் தெருவடைத்து மேடை. நான் மனப்பாடமாக வைத்திருந்த பாட்டின் சுருதி மூன்று கட்டை, அதாவது மேற்கத்திய ஸ்வரப் பெயரில் 'ஈ'. பேஸின் தடித்த கம்பியும் 'ஈ'தான், அதைச் சும்மா மீட்டினாலே ஆதார சுருதி வந்துவிடும், இடது கைக்குப் பாதி நேரம் ஓய்வு. பாடகிக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. "அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்றார். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு, முடிந்தது. பேஸில் ஏது பட்டன்? 'ஈ'க்குக் கீழே அந்தக் கம்பியில் ஒன்றுமே இல்லை. அடுத்த கம்பியான 'ஏ'யில் ஆறாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) போய் அங்கிருந்து முழுப் பாட்டையும் தேட வேண்டும். எனக்கு விரல் போகும் இடம் தெரியும், அது 'ச'வா 'ப'வா என்று தெரியாது. வால்யூமைக் குறைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். பேஸ் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

இத்தனைக்கும் விஷயம் சின்னது. பேஸில் ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்ததற்கும் 'ச'விலிருந்து 'ம' வரை உள்ள இடைவெளி. அதனால் 'ச' எங்கே இருந்தாலும், அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளி 'ப'. அதற்கும் அடுத்த கம்பியில், 'ப' இருக்கும் அதே ஃப்ரெட்டில் மேல் 'ச'. எந்தக் கட்டையானாலும் இந்த உருவம் மாறாது.

மெக்கார்ட்னிக்கு நொட்டேஷன் தெரியாதுதான். ஆனால் அவர் அப்பா ஜாஸ் குழு வைத்திருந்தவர், வீட்டில் பியானோ இருந்தது. கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், எப்படி நகர்கிறது என்பது சாப்பாட்டோடு உள்ளே போயிருக்கும். நம் வீடுகளில் மெட்டுதான் கேட்கும். ராகம் பிடிக்க நமக்குக் காது இருக்கிறது, கார்டு பிடிக்கும் காதைத் தனியாக வளர்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அது திறந்தது ஏற்காட்டில், ஒரு சர்ச் கொயரில், அதாவது பாடகர் குழுவில். நான்கு குரலில் பாடினார்கள். எல்லோருக்கும் கீழான பேஸ் குரல் பாடிய பெரியவர் பக்கத்தில் நின்றேன். மேலே மெட்டு ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. இவர் கீழே ஒரு படி இறங்குகிறார், மேலே நிற்கும் ஸ்வரத்தின் முகமே மாறுகிறது.

நீங்களே செய்து பாருங்கள். கீபோர்டு அண்ணனை 'சி மேஜர்' கார்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் 'ஏ' கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், 'சி' வாசியுங்கள். நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அப்புறம் 'ஈ' கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட், 'ஏ'. அவர் விரல் அசையவே இல்லை, கார்டு 'ஏ மைனர் செவன்' ஆகிவிட்டது, ஒரு சோகம் வந்துவிட்டது. கடைசியாக 'ஈ' கம்பியைச் சும்மா மீட்டுங்கள். மறுபடி 'சி மேஜர்'தான், ஆனால் வீட்டுக்குள் போகாமல் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். கார்டுக்குப் பெயர் வைப்பது உங்கள் விரல்தான். மூன்று வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

காது போய்விடும் என்பது வெறும் பயம். வெள்ளியில் எவ்வளவு செம்பு சேர்கிறது என்று தெரிந்ததால் உங்கள் கொலுசு வேலை கெட்டுவிட்டதா?

சரி, இன்னொன்று. பேஸின் 'ஈ' கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வுதான். ஃபோன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, அதோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளை வைத்துக் காது ஊகிக்கிறது. அங்கேதான் ஸ்வரம் தப்பும். முதலில் ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள். புத்தகம் அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.