பவுலிசியர் போர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒன்பதாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசை, எதிர்த்த இந்தப் பவுலிசியர் யார்?

ஆர்மீனிய எல்லைப்புறத்துக் கிறித்தவர்கள். சிலுவையை வணங்க மாட்டார்கள், பழைய ஏற்பாட்டையும் குருமார்களையும் ஏற்க மாட்டார்கள். இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் மீது அப்படியொரு பற்று. தங்கள் சபைகளுக்கு, பவுல் ஊழியம் செய்த இடங்களின் பெயர்களான கொரிந்து, மக்கெதோனியா என்றே பெயர் வைத்தார்கள்.

கேள்வி: நம்பிக்கையில் வேறுபட்டதற்காகவா போர்?

போரை அரசே வரவழைத்தது என்பேன். தடை செய்யப்பட்டிருந்த திருவுருவ வழிபாட்டை 843இல் மீட்ட பேரரசி தியோடோரா, அடுத்து இவர்களை ஒடுக்க ஆளனுப்பினார். ஒரு லட்சம் பேர் மாண்டதாகப் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், கொலைகள் நடந்தது நிஜம். அப்போது கார்பியாஸ் என்ற பவுலிசியர் பேரரசின் படையிலேயே அதிகாரி. தன் தகப்பனைக் கழுவேற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும், 5,000 பேரோடு எல்லை தாண்டி மெலிட்டீன் நகரை ஆண்ட முஸ்லிம் அமீர் உமரிடம் போய்விட்டார். பிறகு தெஃப்ரிகேயில் கோட்டை கட்டினார். துருக்கியில் இன்று திவ்ரிகி எனப்படும் ஊர் அது. நேற்றுவரை எல்லையைக் காத்தவர், எல்லையைத் தாக்குகிறவர் ஆனார்.

கேள்வி: கிறித்தவர்கள் முஸ்லிம் அமீரோடு சேரலாமா என்று அவர்களுக்குத் தோன்றவில்லையா?

ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர் அவர்தானே!

கேள்வி: போர் எப்படி முடிந்தது?

863இல் உமர் போரில் விழுந்தார். கார்பியாஸும் அதே ஆண்டில் இறந்தார். அவர் மருமகன் கிரிசோகெயிர் மேற்கே எபேசுவரை பாய்ந்து, யோவான் ஆலயத்தில் குதிரைகளைக் கட்டினார். பேரரசர் முதலாம் பசில் சமாதானம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. 871இல் அவரே நேரில் படையெடுத்தும் தெஃப்ரிகே விழவில்லை. அப்புறம் ஒரு விடியற்காலை, பாதிஸ் ரியாக்ஸ் கணவாயில் தங்கியிருந்த பவுலிசியர்மீது பேரரசின் படை பாய்ந்தது. தப்பியோடிய கிரிசோகெயிரைத் துரத்தி வீழ்த்தியவர் புல்லாதெஸ். முன்பு தெஃப்ரிகேயில் கைதியாக இருந்தவர். அங்கே அவரை நல்லபடியாக நடத்தியவரே கிரிசோகெயிர்தான். அதைச் சொல்லி உயிர்ப்பிச்சை கேட்டும் பலிக்கவில்லை. தலை தலைநகருக்குப் போனது. பசில் அதன்மீது மூன்று அம்பு எய்தார். அப்படி எய்ய வேண்டும் என்று முன்பே கடவுளிடம் வேண்டியிருந்தாராம். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது.

கேள்வி: மிச்சமிருந்தவர்கள் அழிந்தே போனார்களா?

இல்லை. தலைவரை இழந்த தெஃப்ரிகேயும் பின்னர் வீழ்ந்தது. அதன்பின் ஒரு பகுதியினர் அதே பேரரசின் படையில் சேர்ந்து தென் இத்தாலியில் சண்டையிட்டார்கள். 970களில் பேரரசர் ஜான் ட்சிமிஸ்கெஸ் ஏராளமானோரைப் பிலிப்போபோலிஸில், இன்றைய பல்கேரியாவின் புளோவ்திவில், குடியேற்றினார். வடக்கே எல்லையைக் காக்க ஆள் தேவைப்பட்டதே!