மாதவிலக்கு நின்றபின் கூடும் எடை: மூலிகை எதுவரை உதவும்?

கேள்வி: எனக்கு வயது 53. மாதவிலக்கு நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. சாப்பாட்டின் அளவு கூடவில்லை, ஆனால் வயிற்றைச் சுற்றி மட்டும் சதை போட்டுக்கொண்டே வருகிறது. உறவினர் ஒருவர் சொன்னபடி மூன்று மாதமாக காலையில் வெறும் வயிற்றில் வெந்தயப் பொடியும், மாலையில் திரிபலா சூரணமும், இரவில் பாலில் கலந்து தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் இரண்டு பெரிய கரண்டியும் சாப்பிடுகிறேன். தைராய்டு குறைவுக்கு ஆறு ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறேன். இந்த மூன்று மாதத்தில் எடை குறையாதது மட்டுமல்ல, 2 கிலோ கூடியும் விட்டது. மூலிகையை மாற்ற வேண்டுமா, அளவைக் கூட்ட வேண்டுமா?

பதில்: அளவைக் கூட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலிலேயே அந்த 2 கிலோவுக்கான காரணம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், புதிய மூலிகையைத் தேடும் முன் அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் காலை நேரம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் சாப்பிடாமல் இருந்தால்தான் அது உடலில் சரியாகச் சேரும். வெந்தயப் பொடியைத் தண்ணீரில் கலந்து சற்று நேரம் வைத்துப் பாருங்கள். கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று இழுபடும். அந்தப் பசைதான் அதிலுள்ள நார்ச்சத்து. சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென்று ஏறாமல் ஓரளவு தடுப்பதும், வயிறு நிறைந்த உணர்வைத் தருவதும் அதுவே. ஆனால் இப்படிப்பட்ட நார்ச்சத்தை மாத்திரையை ஒட்டிச் சாப்பிடும்போது மருந்து குடலில் உறிஞ்சப்படுவது குறையக்கூடும். மருந்து போதவில்லையென்றால் தைராய்டு குறைவு மீண்டும் தலைதூக்கும், எடை கூடும், அசதி வரும், மலம் இறுகும். காரணம் தெரியாமல் மலம் இறுகியதற்காக நாம் இன்னும் ஒரு கரண்டி சூரணம் சேர்த்துக்கொண்டிருப்போம். ஆகவே வெந்தயத்தை மதியத்துக்கோ இரவுக்கோ மாற்றிக்கொண்டு, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, தைராய்டு மருந்து போதுகிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து, முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையோ இரும்புச் சத்து மாத்திரையோ எடுப்பதாக இருந்தால் அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

அடுத்தது லேகியம். தண்ணீர்விட்டான் கிழங்கு பெண்களுக்கு உகந்தது என்று எல்லோரும் சொல்வதால் நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். மரபு மருத்துவத்தில் அது உடலைத் தேற்றும் மருந்து. மெலிந்தவருக்கும், பிள்ளை பெற்றுப் பாலூட்டுகிறவருக்கும் கொடுத்து வந்தது. சர்க்கரைப் பாகிலும் நெய்யிலும் கிளறிய லேகியத்தை இரவு தோறும் பாலில் இரண்டு பெரிய கரண்டி சேர்த்துக் குடித்தால் உடம்பு தேறத்தான் செய்யும். மருந்தின் மேல் பழி இல்லை. எடை குறைய வேண்டிய ஒருவருக்கு அந்த வடிவம் பொருந்தாது, அவ்வளவுதான். அதை நிறுத்திவிடுங்கள்.

திரிபலா என்பது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த சூரணம். மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்து; எனக்கும் அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் மலம் இளகுவது வேறு, கொழுப்பு கரைவது வேறு. காலையில் வயிறு லேசாக இருக்கும் உணர்வை எடை குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடை குறைக்கும் தேநீர் என்று விற்கப்படுவனவற்றில் சேரும் பேதி மூலிகையான நிலாவாரைக்கும் இது பொருந்தும். அதனால் வெளியேறுவது நீரும் தாது உப்புகளும்தான், நாள்பட எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும்.

இனி, சாப்பாடு கூடாமலே வயிறு ஏன் பெருக்கிறது என்ற உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். நடுவயதில் பெண்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு அரை கிலோ அளவில் எடை கூடுகிறது; இதற்கு வயதும் தசை இழப்பும் பெரும் பங்கு. தசை குறையும்போது உடல் ஓய்வில் செலவிடும் சக்தியும் குறைவதால், பழைய அளவே இப்போது அதிகமாகிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதோ கொழுப்பு சேரும் இடத்தை மாற்றுகிறது; தொடையிலும் இடுப்புக்குக் கீழும் சேர்ந்தது இப்போது வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. எனவே இது உங்கள் சோம்பலால் வந்ததன்று, அதற்காக நீங்கள் யாரிடமும் கூனிக் குறுக வேண்டியதும் இல்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி வகுப்பது இந்த உள்வயிற்றுக் கொழுப்பே என்பதால் தராசைவிட அளவு நாடாவை நம்புங்கள். மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்கும்போது வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை.

இந்தத் தசை இழப்பை ஈடுகட்டும் மூலிகை எதையும் நான் அறியேன். வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி, வாரம் மொத்தம் 150 நிமிட வேக நடை, ஒவ்வொரு வேளையிலும் போதிய புரதம் ஆகியவையே அதற்கு மருந்து. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்வதிலிருந்து தொடங்கலாம். மூட்டு வலி இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெந்தயமும் திரிபலாவும் இதன் ஓரத்தில் துணையாக இருக்கட்டும்.

கேள்வி: மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இணையத்தில் ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று விற்ற காப்ஸ்யூலைச் சாப்பிட்டு இருபது நாளில் 3 கிலோ குறைந்தேன். பசியே இல்லை. ஆனால் படபடப்பும் தூக்கமின்மையும் இருக்கின்றன. தொடரலாமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள், ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். பசியை அடியோடு அடக்கி, நெஞ்சைப் படபடக்க வைக்கும் ‘மூலிகை’ காப்ஸ்யூலைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சிபுட்ரமின் பற்றிய சந்தேகம்தான். மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்ட அந்த மருந்து, அதன் பிறகும் மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் எடை குறைப்புப் பொருள்களில் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பது பரிசோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

அது கலக்காத சுத்தமான மூலிகையாகவே இருந்தாலும் கேள்வி தீர்வதில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சிகிச்சை பெற்ற நூறு பெண்கள் வரை சிறுநீரகம் பழுதானார்கள். அவர்களுக்குக் கொடுத்த சீன மூலிகைக் கலவையில் ஸ்டெஃபானியா என்ற செடி இருக்க வேண்டிய இடத்தில் சிறுநீரகத்துக்கு நஞ்சான அரிஸ்டோலோகியா வகைச் செடி சேர்ந்துவிட்டது. பின்னாளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனம். இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது, ஏனென்றால் அந்தப் பெண்கள் கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஒன்றுதான்.

காப்ஸ்யூல்களில் அதிகம் இடம்பெறும் குடம்புளிச் சத்தை 1998இல் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அந்தச் சத்தை எடுத்தவர்களுக்கு எடை கூடுதலாகக் குறையவில்லை. அதை எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாகப் பின்னர் பதிவுகள் உண்டு. பச்சைத் தேயிலையைத் தேநீராகக் குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதன் செறிவான சத்து வழியாக ஈ.ஜி.சி.ஜி. என்ற தேயிலை வேதிப்பொருளை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் ஈரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. காப்ஸ்யூலை நிறுத்தியபின் கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குறைந்த 3 கிலோவில் கொஞ்சம் திரும்பி வரும், வரட்டும்.

கேள்வி: வயது 56. மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் ஆன நிலையில், எடைக்காகக் கஷாயம் குடிக்கத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் லேசாக உதிரம் பட்டது. உடம்பு பழையபடி திரும்புகிறது, நல்ல அறிகுறி என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. மாதவிலக்கு முழுதாக ஓராண்டு நின்றபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் அதைப் பரிசோதித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது கருப்பை உட்சுவர் மெலிவு, சிறு கட்டி போன்ற எளிதில் சரிசெய்யக்கூடிய காரணமாக இருக்கும். சிலருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுவே. உடற்பருமன் அந்த அபாயத்தைக் கூட்டும் என்பதால் உங்களைப் போன்றோர் தாமதிக்கவே கூடாது. கஷாயத்தை நிறுத்திவிட்டு, இந்த வாரத்துக்குள் மகப்பேறு மருத்துவரிடம் சென்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது கஷாயப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய், எந்தத் தேதியில் தொடங்கி எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.