மலைவாழ் பெண்களும் கருத்தடையும்: மொரீஷியஸ் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நீலகிரிப் பழங்குடியினரிடையே பணியாற்றி, இப்போது மொரீஷியஸில் வசிக்கும் மருத்துவர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

ரோஸ் ஹில் ஆசிரியை: டாக்டர் அம்மா, மலைவாழ் பெண்கள் கருத்தடைக்குத் தயங்குவதற்கு அறியாமைதானே காரணம்?

பாதி உண்மை. அங்கே குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன் என்றுதான் பொருள் கொள்கிறார்கள், அதில் வியப்பில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட மட்டும் விரும்பும் இளம் தாய்க்கு என்ன வழி என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் துண்டையும், அதில் சுற்றிய செம்புக் கம்பியையும், கீழே தொங்கும் நூலையும் செவிலியர் அவள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னால், சுவரொட்டியால் தீராத சந்தேகம் தீரும்.

காத்ர் போர்ன் வாசகி: ஊசியும் மாத்திரையும் அரசு தருகிறதாமே?

ஆம். 'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதனால் மாதவிலக்கு ஒழுங்கு தவறலாம், நின்றும் போகலாம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், கெட்ட இரத்தம் உடம்பிலேயே தங்குகிறது என்று பயந்து அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். 'சாயா' ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று. மலையிலிருந்து இறங்கிவர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருப்பதால், மருந்துதான் ஊருக்குப் போகவேண்டும்.

போர்ட் லூயி வாசகர்: சில பழங்குடிகளுக்கு அறுவை சிகிச்சையே மறுக்கப்பட்டதா?

மறுக்கப்பட்டது. மக்கள்தொகை குறைந்துவிடும் என்று 1979-இல் மத்தியப் பிரதேச அரசு, பைகா உள்ளிட்ட தொல்குடிகளுக்குத் தடை விதித்தது. பின்னர் பிரிந்த சத்தீஸ்கரிலும் அது தொடர்ந்து, 2018-இல்தான் உயர் நீதிமன்றத்தால் நீங்கியது. நான்கைந்து பிள்ளைகள் பெற்றுக் களைத்தவளைத் திருப்பி அனுப்பிய இந்த ஆணை, இலக்கு வைத்து ஆள்பிடித்த கருத்தடை முகாம்களுக்குச் சற்றும் குறைந்த கொடுமையன்று என்பது என் கருத்து.

அதே வாசகர்: நம் தீவில் மட்டும் குடும்பக் கட்டுப்பாடு எப்படி விரைவாகப் பரவியது?

இங்கே 1957-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. 1963-இல், கருத்தரிக்கும் நாள்களைத் தவிர்க்கும் இயற்கை முறையை மட்டும் ஏற்கும் கத்தோலிக்கர்களுக்காக 'ஆக்ஸியோன் ஃபமிலியால்' என்ற அமைப்பு வந்தது. அவரவர் மனத்துக்கு ஒத்த வழி கிடைத்தது, மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருந்தது.

ரோஸ் ஹில் ஆசிரியை: ஆண்கள்?

அதே இந்திய ஆய்வில் ஆண்களின் கருத்தடை அறுவை சிகிச்சை 0.3 விழுக்காடுதான். வயிற்றைத் திறக்கத் தேவையில்லாத எளிய சிகிச்சை அது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உறுதியாகும் வரை ஆணுறை கட்டாயம்.