இருவர் அணிகளாக உலகம் சுற்றி ஓடும் தொலைக்காட்சிப் போட்டியான 'தி அமேசிங் ரேஸ்' நிகழ்ச்சியின் குடும்பப் பதிப்பு பார்வையாளர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?

பாதைதான் பெரிய குறை. 2005இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய அந்தப் பருவம் அமெரிக்கா, பனாமா, கோஸ்டாரிகா, கனடாவைத் தாண்டவே இல்லை. உலகம் சுற்றலாம் என்று உட்கார்ந்தவர்களுக்கு நெடுஞ்சாலையும் காரும்தான் கிடைத்தன. குடும்பத்துக்கு 4 பேராக 10 குடும்பங்கள். 40 முகங்களில் யார் யாரென்று பிடிபடுவதற்குள் பலர் வெளியேறிவிடுகிறார்கள். 8 வயதுப் பிள்ளையும் ஓடுகிற போட்டியில் கடினமான சவால் வைக்கவும் முடியாதே!

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் மட்டும் தீர்ப்பு வேறு. திரையில் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு பெரியவர்கள் வழியைக் கோட்டைவிட, பின்சீட்டில் பிள்ளைகள் முணுமுணுக்க, "டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும்போது நாமும் இப்படித்தானே" என்று ஆயா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அந்தச் சண்டைகள்தான் பிடித்தன. ஆனாலும் ரசிகர்களின் மனத்தாங்கல் நியாயமானதுதான். அடுத்த பருவத்திலேயே இருவர் அணிகள் திரும்பிவிட்டன.