நைலான் 66: காலிக் கூடு சிக்கினால்

எண்ணெயை நிறுத்துங்கள். உங்கள் தாத்தாவின் ரெமிங்டன் நைலான் 66 துப்பாக்கியில் சுட்டபின் தோட்டாவின் காலிக் கூடு வெளியே தெறிக்காமல், அது வெளியேறும் திறப்பிலேயே சிக்குகிறது, எண்ணெய் விட்டும் சரியாகவில்லை என்றீர்களே, அநேகமாக அந்த எண்ணெய்தான் காரணம். 1959-இல் வந்த அந்த .22 துப்பாக்கியில் போல்ட் (முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை உள்ளே தள்ளி, காலிக் கூட்டை இழுக்கும் பாகம்) நைலான் உடம்புக்குள் தானே வழுக்கி ஓடும், எண்ணெய் விட்டால் கரியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அம்பாசமுத்திரத்தில் எங்கள் பெரியப்பாவின் துப்பாக்கிக்கு நான் தேங்காய் எண்ணெயே விட்டிருக்கிறேன், மார்கழிக் குளிரில் அது உறைந்து போல்ட் நகரவே இல்லை! திட்டு வாங்கியது தனிக்கதை. ஆனாலும் இறகு மாதிரி லேசான அந்தத் துப்பாக்கி மேல் இன்னும் ஆசைதான்.

முதலில் பின்கட்டைக்குள் இருக்கும் குழாயை உருவித் தோட்டாவை எல்லாம் கொட்டிவிடுங்கள் (14 பிடிக்கும்), அப்புறம் அறையும் (சுடும்போது தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கண்ணால் பாருங்கள். போல்ட்டை முழுக்க இழுத்து விடுங்கள். பட்டென்று திரும்பாமல் மந்தமாக வந்தால் பிசின்தான். நன்றாகத் திரும்பினால் தோட்டா பழசாகி வேகம் குறைந்திருக்கலாம், புதுசு போட்டுப் பாருங்கள்.

நீங்களே கழற்றாதீர்கள், திரும்ப மாட்டுவது பெரும்பாடு. லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் கொடுங்கள். லைசென்ஸ் இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை உங்கள் பெயரில் வாங்குவதுதான் முதல் வேலை, அதுவரை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.